மாஸ்டரிடம் கேளுங்கள்: வேட்டி என்ன நிறம்?

போன மாதம் இந்தப் பக்கம் வரவில்லை. சோம்பல் இல்லை, வலது கண்ணில் கண்புரை ஒப்பரேஷன். திரும்பி வந்து கடிதக் கட்டைப் பிரித்தால் பாதிக்கு மேல் கண், காது பற்றியே கேள்விகள். 34 வருஷம் விலங்கியல் படிப்பித்தவனுக்குக் கேட்கவா வேண்டும்! கிணறு ஏன் வற்றுகிறது, வாழைக்கு எப்போது தண்ணீர் கட்டுவது என்று கேட்டவர்கள் அடுத்த மாதம்வரை பொறுக்க வேண்டும். இந்த மாதம் ஒரே சங்கதிதான்.

ஒப்பரேஷன் எப்படி மாஸ்டர்? இப்போது எல்லாம் தெளிவாகத் தெரிகிறதா?
*கோண்டாவில் வாசகர்*

தெளிவாகத் தெரிகிறது. கரைச்சலே அங்கேதான் தொடங்கியது. கட்டு அவிழ்த்த அன்று பின்னேரம் கொடியில் காய்ந்த என் வேட்டியைப் பார்த்தேன். வலது கண்ணுக்கு அது நீலம் போட்டு அலசிய வெள்ளை. இடது கண்ணுக்கோ தேத்தண்ணியில் முக்கி எடுத்த மாதிரி. ஒரு கண்ணை மூடுவதும் மற்றதைத் திறப்பதுமாகக் கொடியடியில் நின்றேன். குசினி வாசலில் இருந்து மனைவியின் குரல்: "இஞ்சாருங்கோ, உது நேற்றும் அதே வேட்டிதான். நெடுக வெள்ளை எண்டுதானே கட்டினனீங்கள்?"

அவ சொன்னதில்தான் முழு விஷயமும் கிடக்கிறது. வயது போகப் போகக் கண்வில்லை மெல்ல மஞ்சளிக்கும், உள்ளே போகும் நீல ஒளி குறையும். ஆனால் உலகம் மஞ்சளாகிறது என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை. வெள்ளை எது என்ற அளவுகோலையே மூளை கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டு வந்திருக்கிறது. பத்து வருஷமாகத் தேத்தண்ணி நிறத்தை எனக்கு வெள்ளை என்று விற்றிருக்கிறது, நானும் பேரம் பேசாமல் வாங்கியிருக்கிறேன். இரண்டு கண்ணும் ஒரே மாதிரிப் பழுத்தபடியால் ஒப்பிட்டுப் பார்க்கவும் வழியில்லை.

இது எழுதும்போது நாலாவது கிழமை. வலது கண்ணின் நீலம் வரவர மங்குகிறது. ஒப்பரேஷனில் புதிதாக வைத்த வில்லையில் ஒரு மாற்றமும் இல்லை, அது பிளாஸ்டிக். மாறுவது மூளை. இடது கண்ணையும் தை கழியச் செய்துவிடுவார்கள். அதற்குமுன் இந்த இரட்டை வேட்டியை ஆசை தீரப் பார்த்துவைக்கிறேன்.

படங்களில், பிறவியிலேயே பார்வை இல்லாத கதாநாயகிக்கு ஒப்பரேஷன் செய்து கட்டை அவிழ்க்கிறார்கள். அவள் நேரே தாயைப் பார்த்து "அம்மா!" என்கிறாள். அப்படி நடக்காது என்று என் மகன் வாதாடுகிறான். யார் சரி?
*சாவகச்சேரி வாசகி*

மகன்தான் சரி. தாய் வாயைத் திறந்து ஒரு சொல் சொன்னால் குரலை வைத்து அடையாளம் பிடித்துவிடுவாள். தாய் பேசாமல் நின்றால், எது தாய், எது கதவுத் திரை என்பதே அவளுக்குக் குழப்பமாக இருக்கும்.

உங்கள் மகனின் வாதம் 1688ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. டப்ளின் நகரத்து வில்லியம் மொலினோ தத்துவஞானி ஜோன் லொக்குக்கு ஒரு கடிதம் எழுதினார். பிறவியிலிருந்தே பார்வையில்லாத ஒருவர் உருண்டையையும் கனசதுரத்தையும் தடவிப் பார்த்து வேறு பிரிக்கப் பழகியிருக்கிறார். திடீரென்று அவருக்குக் கண் தெரிந்தால், தொடாமல், பார்த்த மாத்திரத்தில் எது உருண்டை என்று சொல்வாரா? மொலினோவின் மனைவி கலியாணமாகிக் கொஞ்சக் காலத்திலேயே பார்வை இழந்தவர். சாய்மனைக் கதிரையில் படுத்துக்கொண்டு யோசித்த கேள்வி இல்லை இது.

1728இல் லண்டன் சத்திரசிகிச்சை நிபுணர் வில்லியம் செசல்டன், 13 வயதுப் பெடியன் ஒருவனின் கண்புரையை விலக்கிவிட்டு நடந்ததை எழுதிவைத்தார். முதலில் எல்லாப் பொருளும் தன் கண்ணைத் தொட்டுக்கொண்டு நிற்பதாக அவனுக்குப் பட்டதாம். எது பூனை, எது நாய் என்பதும் மறந்து மறந்து போகும். ஒவ்வொரு தரமும் கேட்க வெட்கம். ஒரு நாள் பூனையைப் பிடித்துத் தூக்கினான். தடவித் தெரிந்த பூனை அது. பிறகு அதை உற்றுப் பார்த்து, இனி உன்னை எங்கே கண்டாலும் தெரிந்துகொள்வேன் என்று சொல்லி இறக்கிவிட்டான். கை சொல்லிக்கொடுக்கிறது, கண் கொப்பியில் எழுதிக்கொள்கிறது.

ஓவியங்கள் அவனை இன்னும் மோசமாக ஏய்த்தன. இரண்டு மாதம்வரை அவை வெறும் நிறத் திட்டுகள். படத்தில் இருப்பது ஆள் என்று பிடிபட்ட பிறகு தொட்டுப் பார்த்தால் தட்டையாக இருக்கிறது! தொடுகையா பார்வையா, எது பொய் சொல்கிறது என்று கேட்டானாம். இந்தக் கேள்வியை உயர்தர வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டிருந்தால் அன்றைக்கு வேறு பாடமே நடத்தியிருக்க மாட்டேன்.

1959இல் இங்கிலாந்தில் 52 வயதான ஒருவருக்குப் பார்வை திரும்பியது. கைக்குழந்தையாக இருந்தபோதே பார்வை போனவர். உளவியலாளர் ரிச்சர்ட் கிரெகரி அவரை எஸ்.பி. என்று மட்டும் குறிப்பிட்டு ஆராய்ந்தார். எஸ்.பி. ஆங்கிலப் பெரிய எழுத்துகளைப் பார்த்த உடனே வாசித்தார், சின்ன எழுத்துகளை வாசிக்கவில்லை. காரணம், பார்வையற்றோர் பள்ளியில் அவர் தடவிப் படித்தது பெரிய எழுத்துகளை மட்டுந்தான். நூதனசாலையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கடைசல் யந்திரம். அவருக்கு மிகப் பிடித்த சாமான் அது. ஆனால் பெட்டிக்கு வெளியே நின்று பார்த்தபோது அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பெட்டியைத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டு ஆசை தீரத் தடவினார். பிறகு சற்றுத் தள்ளி நின்று, தொட்டுப் பார்த்துவிட்டேன், இனித் தெரிகிறது என்றார். முகங்கள் மட்டும் கடைசிவரை அவருக்கு வசப்படவில்லை. மனிதர் சோர்ந்துபோய் இரண்டு வருஷத்துக்குள் காலமானார். படக்காரர் இந்தப் பகுதியை எடுக்க மாட்டார்கள்.

மொலினோவின் கேள்விக்குச் சுத்தமான பரிசோதனை வந்தது 2011இல். எம்.ஐ.டி. பேராசிரியர் பவன் சின்ஹாவின் குழு, டெல்லியில் சத்திரசிகிச்சை பெற்ற 8 முதல் 17 வயதுவரையான ஐந்து பிள்ளைகளைச் சோதித்தது. பிளாஸ்டிக் கட்டைகளால் செய்த உருவங்கள். பார்த்த உருவத்தைப் பார்வையாலேயே பொருத்தச் சொன்னால் பிள்ளைகள் சரியாகச் செய்தார்கள். அப்படியென்றால் கண் வேலை செய்கிறது. தடவிய உருவத்தைப் பார்த்துக் கண்டுபிடி என்றால் பூவா தலையா போட்ட மாதிரித்தான். மொலினோவுக்குப் பதில்: சொல்ல மாட்டார். ஆனால் அடுத்த வரி எனக்கு அதைவிட முக்கியம். ஒருவரும் விசேஷமாகப் படிப்பிக்காமலே சில நாட்களில் அந்தப் பிள்ளைகள் வெகுவாகத் தேறிவிட்டார்கள். வீட்டில் கிண்ணத்தைத் தூக்கி, கதவைத் தள்ளி, செருப்பைத் தேடித் திரிந்ததே போதுமாக இருந்திருக்கும்.

புதிதாக மூன்று பகுதிக் கண்ணாடி போட்டேன். படி இறங்கும்போது நிலம் பள்ளமாகத் தெரிகிறது. கண்ணாடிக்கடைக்காரர் பழகிவிடும் என்கிறார். ஏமாற்றுகிறாரா?
*நெல்லியடி வாசகர்*

இல்லை. இரண்டு கிழமை விடாமல் போடுங்கள். வீட்டில் கழற்றிவைத்து, சந்தைக்குப் போகும்போது மட்டும் போட்டால் ஒரு நாளும் பழகாது. படியில் கைபிடியைப் பிடித்து, நாடியைத் தாழ்த்தி, வில்லையின் மேல் பகுதியால் பாருங்கள். ஒரு மாதம் போயும் அப்படியே இருந்தால் அளவு பிழையாக இருக்கலாம், திரும்பப் போய்க் கேளுங்கள்.

கலிபோர்னியாவில் ஜோர்ஜ் ஸ்ராட்டன் என்ற உளவியலாளர், 1890களில், உலகைத் தலைகீழாகக் காட்டும் வில்லையை எட்டு நாள் மாட்டிக்கொண்டு திரிந்தார். முதல் நாள் கோப்பையை எடுக்கப் போனால் கை எங்கேயோ போகும். கடைசி நாட்களில் நினைக்காமலே கை சரியான இடத்துக்குப் போனது. கழற்றிய பிறகு பழைய உலகம் அவருக்குத் தடுமாற்றம் தந்தது. உங்கள் கண்ணாடி அவ்வளவு மோசமில்லை.

பேத்திக்கு நாலரை வயது. ஒரு கண்ணில் பார்வை குறைவு, நல்ல கண்ணைத் தினமும் மூடி ஒட்டச் சொல்கிறார் டொக்டர். நல்ல கண்ணும் பழுதாகிவிடாதா? மருமகளோடு இதில் சண்டையாகிவிட்டது.
*வேலணை அப்பம்மா*

அக்கா, கோபிக்க வேண்டாம், இதில் நான் உங்கள் மருமகள் பக்கம்.

ஒரு கண்ணிலிருந்து வரும் படம் மங்கலாகவோ விலகியோ இருந்தால் பிள்ளையின் மூளை அதை ஒதுக்கிவிடும். இதைச் சோம்பல் கண் என்பார்கள். கண்ணைக் குறை சொல்லும் இந்தப் பெயர் எனக்குப் பிடிக்காது. மூளையில் நல்ல கண்ணின் ஆட்கள் மற்றக் கண்ணின் வளவுக்குள் வேலியை நகர்த்திவிடுகிறார்கள். எங்கள் ஊரில் எல்லைக் கதியால் இரவோடு இரவாக நகர்கிற கதை உங்களுக்குப் புதிதில்லை. டேவிட் ஹூபெல், டோர்ஸ்டன் வீசல் என்ற இருவரும் இதைப் பூனைக்குட்டிகளில் காட்டி 1981இல் நோபல் பரிசு பெற்றார்கள். குட்டியின் ஒரு கண்ணை முதல் மூன்று மாதம் மூடிவைத்துத் திறந்தார்கள். கண் முழு நலம், ஆனால் அந்தக் கண்ணால் குட்டி பார்க்கவில்லை. வளர்ந்த பூனையில் அதே அளவு மூடினால் அப்படி நடக்கவில்லை.

மனிதப் பிள்ளைக்கு ஏழு வயதுவரை வேலியைத் திருப்பி நகர்த்துவது சுலபம். பிறகு முடியாதென்றில்லை, பாடு கூட. அதனால்தான் டொக்டர் இப்போதே என்கிறார். நல்ல கண்ணும் கெட்டுவிடுமோ என்ற உங்கள் பயம் முழுப் பிழை என்றும் சொல்ல மாட்டேன். அளவு மிஞ்சினால் அதன் பார்வையும் இறங்கலாம். ஆகவே எத்தனை மணித்தியாலம் என்பதை டொக்டர் சொன்னபடி செய்யுங்கள், கிளினிக் தேதியைத் தவற விடாதீர்கள். பல பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு மணித்தியாலமே போதும் என்று பரிசோதனைகள் காட்டியிருக்கின்றன.

ஒட்டிய நேரத்தில் பிள்ளையைச் சும்மா இருத்தாதீர்கள். 1963இல் ஹெல்ட், ஹெய்ன் என்ற இருவர் இரண்டு பூனைக்குட்டிகளை ஒரு சின்ன இராட்டினத்தில் பூட்டினார்கள். ஒன்று நடந்து இழுக்கும், மற்றது கூடையில் சவாரி. இரண்டும் கண்டது ஒரே காட்சி. நடந்த குட்டி தூரம், பள்ளம் எல்லாம் படித்துவிட்டது. சவாரி செய்தது படிக்கவில்லை, அவிழ்த்துவிட்டு ஓடித் திரிந்த பிறகே தேறியது. எனவே அரிசியில் கல் பொறுக்கக் கொடுங்கள், மல்லிகை மொட்டு ஆயக் கொடுங்கள், புளியங்கொட்டை எண்ணச் சொல்லுங்கள். இந்த வேலை எல்லாம் உங்களிடந்தான் இருக்கிறது, மருமகளிடம் இல்லை. சண்டையும் தீரும்.

என் பேரனுக்கு ஆறு வயது, இங்கேயே பிறந்தவன். "பள்ளி" என்றாலும் "பல்லி" என்றாலும் ஒன்றென்கிறான். வேணுமென்று செய்கிறானா?
*ஸ்காபரோ வாசகி, கனடா*

இல்லையம்மா. அவன் காதுக்கு அது உண்மையாகவே ஒன்றுதான்.

நான் முதல் நியமனம் பெற்றுக் கண்டிப் பக்கம் போனது 1973. வாடகைக்கு இருந்த வீட்டு முற்றத்தில் உளுத்த பலாமரத் தண்டு ஒன்று வழியை மறித்துக் கிடந்தது. சிங்களத்தில் மரத்தண்டுக்கு ஒரு சொல், மலைக்கு ஒரு சொல். தமிழில் எழுதினால் இரண்டும் "கந்த" தான். வித்தியாசம் அந்த மெல்லொலி எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதில் மட்டும். தண்டைத் தூக்கிவிடுவோமா என்று வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டேன். அவ முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா. "மாத்தையா, மலையைத் தூக்கி எங்கே வைக்கிறது?" கூடப் படிப்பித்த நண்பர் இரண்டு சொல்லையும் பத்துத் தரம் மாறி மாறிச் சொல்லிக் காட்டினார். பத்துத் தரமும் எனக்கு ஒரே சொல். அவருக்கு நான் பகிடி விடுகிறேனோ என்று சந்தேகமே வந்துவிட்டது. உங்கள் பேரனின் நிலை எனக்கு நன்றாகத் தெரியும்.

குழந்தை பிறக்கும்போது நிலைமை மறுவளம். 1984இல் கனடாவிலேயே, வன்கூவரில், ஜனற் வேர்க்கரும் ரிச்சர்ட் ரீஸும் ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளைச் சோதித்தார்கள். 6 முதல் 8 மாதக் குழந்தைகள் ஹிந்தியின் "ட", "த" வேறுபாட்டைப் பிடித்தார்கள். ஆங்கிலம் மட்டும் தெரிந்த பெரியவர்களால் முடியவில்லை. 10 முதல் 12 மாதத்தில் பெரும்பாலான குழந்தைகளாலும் முடியாமல் போனது. காது மந்தமாகவில்லை. வீட்டில் யாரும் வேறுபடுத்தாத ஒலிகளை மூளை ஒரே பெட்டியில் போட்டுவிட்டது, தேவையான வேறுபாடுகளில் கூராகிவிட்டது.

தொலைக்காட்சியில் தமிழ் போட்டுவிட்டால் சரி என்று நினைக்காதீர்கள். 2003இல் பற்றீசியா கூல் குழு, 9 மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீனமொழி கேட்க வைத்தது. ஆள் நேரில் இருந்து விளையாடிப் பேசிய 12 அமர்வுகளில் குழந்தைகள் சீன ஒலி வேறுபாட்டைப் பிடித்தார்கள். அதே ஆள் வீடியோவில் பேசியபோது ஒன்றும் ஏறவில்லை. உடனே பயப்படவும் வேண்டாம். இரண்டு வயதுப் பிள்ளைகள் மறுமொழி சொல்லிப் பேசும் வீடியோ அழைப்பில் புதுச் சொல் படித்ததாகப் பின்னைய ஆய்வு ஒன்று காட்டியது. திரையில் தெரியும் ஆள் பிள்ளைக்குப் பதில் சொல்கிறாரா என்பதே கணக்கு.

ஆறு வயது ஒன்றும் பிந்தவில்லை. பெரிய ஜப்பானியர்களே ஆங்கில "ர", "ல" வேறுபாட்டைப் பயிற்சியால் ஓரளவு பிடித்திருக்கிறார்கள், அதுவும் பலருடைய குரலில் கேட்டபோது. ஆகவே நீங்கள் மட்டும் சொல்லாமல் மாமா, சித்தி, பக்கத்து வீட்டுத் தாத்தா எல்லாரையும் சொல்லவையுங்கள். ஒரு படத்தில் பல்லி, ஒரு படத்தில் பள்ளி. சொல்லச் சொல்ல அவன் ஓடிப்போய் ஒன்றைத் தொட வேண்டும். பிழைத்தால் ஏசக் கூடாது. எங்கள் ஊரிலேயே "ழ"வையும் "ள"வையும் பேச்சில் ஒன்றாக்கிவிட்டு இருக்கிறோம், அவனை ஏச எங்களுக்கு என்ன யோக்கியதை?

அப்பாவுக்குக் காது மந்தம். கூப்பிட்டால் கேட்காது. ஆனால் ஹெலிகொப்டர் வந்தால் எனக்கு முன்னமே அவருக்குக் கேட்டுவிடுகிறது. முகமும் மாறிவிடும். எப்படி?
*பல்கலைக்கழக மாணவி, யாழ்ப்பாணம்*

பாதி விளக்கம் சுலபம். வயதில் முதலில் போவது கூரான, உயர் அதிர்வெண் ஒலிகள். பேச்சில் "ச", "த" போன்றவை மங்கும், ஆகவே நீங்கள் கூப்பிடுவது அவருக்குக் குழம்பும். ஹெலிகொப்டரின் அடித்தொனி தாழ்ந்தது, நெடுந்தூரம் வரும். அந்தப் பகுதி அவரிடம் மிச்சம் இருக்கிறது.

மற்றப் பாதி அவர் படித்த படிப்பு. நீங்கள் 2009க்குப் பிறகு வளர்ந்த பிள்ளை போலிருக்கிறது, அதனால் சொல்கிறேன். 1990களின் தொடக்கம். இதயத்தின் நாலு அறைகளையும் கரும்பலகையில் கீறிக்கொண்டு நிற்கிறேன், இடது கீழறைக்கு வந்துவிட்டேன். பின் வாங்கில் பலாலிப் பக்கமிருந்து இடம்பெயர்ந்து வந்த பெடியன் எழும்பினான். "சேர், சகடை." குண்டு போட வரும் ஒரு விமானத்துக்கு எங்கள் சனம் வைத்த பெயர் அது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மற்றப் பிள்ளைகளுக்கும் கேட்கவில்லை. ஆனால் அவன் சொன்னால் சொன்னதுதான் என்று வகுப்புக்குத் தெரியும். சோக்கட்டி கையில் இருக்க வெளியே ஓடிப் பங்கருக்குள் இறங்கிய பிறகே அந்த இரைச்சல் என் காதுக்கு எட்டியது. அவனுக்கு என்னைவிட நல்ல காது என்று நான் நினைக்கவில்லை. ஓடுபாதைக்குக் கிட்ட வளர்ந்தவன், எந்த இரைச்சலுக்குப் பிறகு என்ன நடக்கும் என்று எங்களுக்கு முன்னமே படித்தவன். ஆறு மாதத்தில் நாங்களும் படித்துவிட்டோம். பொம்பரா ஹெலியா, ஷெல் குத்தியது எந்தப் பக்கம், எங்களைத் தாண்டிப் போகிறதா என்று சோறு தின்றுகொண்டே சொல்லுவோம்.

பயத்தோடு படித்ததை மூளை அழிப்பதில்லை. பிறகு வரும் அமைதியான வருஷங்கள் அதன்மேல் புதுப் பாடமாக எழுதப்படுகின்றன, கீழே பழைய எழுத்து கிடக்கும். ஆகவே அப்பாவிடம் "சும்மா ஹெலிதானே" என்று சொல்லிப் பயனில்லை, அது அவருக்குத் தெரியும். கிட்டப் போய், முகத்துக்கு நேரே நின்று, தாழ்ந்த குரலில் வேறு ஏதாவது கதையுங்கள். நித்திரை கெடுகிறது, நெஞ்சு படபடக்கிறது என்றால் மனநல டொக்டரிடம் கூட்டிப்போவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. காதையும் ஒருக்கால் காட்டுங்கள்.

போன கிழமை பக்கத்து வளவில் வீடு கட்ட ஒரு லொறி கருங்கல் பறித்தது. நான் விறாந்தையில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தேன். கல் கொட்டி ஓய்ந்தபோது, மொட்டைமாடித் தட்டின் கீழே, அறைச் சுவரோடு ஒட்டி நிற்கிறேன். எப்படி அங்கே போனேன் என்று தெரியாது. மனைவி எனக்கு முன்னமே அங்கே நிற்கிறா, கையில் அகப்பையோடு.